சென்னைக்கு எத்தனை கலங்கரை விளக்கங்கள்? கோட்டைக் கூரையிலிருந்து மெரினா வரை

கேள்வி மூன்று பகுதியாக இருக்கிறது. உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் தனியாக நிற்கும் கல்தூண்தான் சென்னையின் முதல் கலங்கரை விளக்கமா? மெரினாவில் இருப்பது வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடமா? ஒரே ஊருக்கு ஏன் திரும்பத் திரும்ப இடம் மாற்றினார்கள்?

முதல் இரண்டுக்கும் பதில் "இல்லை". அந்தக் கல்தூண் இரண்டாவது விளக்கம், 1844-இல் ஏற்றியது. மெரினா கோபுரம் நான்காவது, 1977-இல் வேலைக்கு வந்தது. முதலாவது கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் கூரையில் இருந்தது. மூன்றாவது உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சிக் கும்பத்தில் இருந்தது. விளக்கு மூன்று முறை இடம் மாறியும், அதைத் தாங்கிய நான்கு கட்டடங்களும் இன்றும் நிற்கின்றன. ஒரு துறைமுக நகரத்தின் விளக்கு வரலாறு முழுவதையும் ஒரே நாளில் கண்ணால் பார்க்க முடிவது எளிதில் வாய்க்காத பேறு. அதனால் மூன்றாவது கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும்.

கடலிலிருந்து ஆரம்பிக்கலாம். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இடம் பிடித்தபோது இங்கே துறைமுகம் என்று எதுவும் கிடையாது. நேராக ஓடும் மணற்கரை, ஒதுங்க ஒரு வளைவுகூட இல்லை. கப்பல்கள் கரைக்கு வெகு வெளியே திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில்தான் கரைக்கு வரவேண்டும். அந்தப் படகில் பலகையோடு பலகையை ஆணி அடித்து இணைக்க மாட்டார்கள், கயிற்றால் தைப்பார்கள். அலை உடையும் இடத்தில் ஆணி அடித்த படகு பிளந்துவிடும், தைத்த படகு நெளிந்து கொடுத்துத் தப்பும். கடலோடிக்கு இன்னொரு தொல்லை, கரை தட்டையாக இருப்பது. பரங்கிமலையையும் பல்லாவரத்துக் குன்றுகளையும் விட்டால் கண்ணுக்கு ஓர் அடையாளம் இல்லை. பகலில் அவற்றையும் கோட்டைக் கொடிமரத்தையும் வைத்து இடத்தைக் கணித்துவிடலாம். இரவில் ஒன்றும் தெரியாது. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்துக்கொண்டு விடியும்வரை வெளியே காத்திருப்பார்கள். சென்னைக்கு விளக்குத் தேவைப்பட்டது பாறையில் மோதாமல் இருக்க அல்ல. "இதுதான் ஊர்" என்று இருட்டில் சொல்லத்தான்.

நம் பழைய சொல்லும் இதையேதான் சொல்கிறது. கலங்கரை என்றதும் பலரும் கலம் வந்து சேரும் கரை என்று பொருள் கொள்கிறார்கள். கரைதல் என்றால் அழைத்தல், காக்கை கரைவது போல. கலத்தைக் கூப்பிடும் விளக்கு என்பதே அதன் பொருள். ஏணி சாத்தி ஏறும் உயர்ந்த மாடத்தில் இரவில் தீ மூட்டி, ஓடும் கலங்களை அழைக்கும் துறையைப் பெரும்பாணாற்றுப்படை பாடுகிறது. கலங்கரை விளக்கம் என்ற சொல்லே சிலப்பதிகாரத்தில் இருக்கிறது.

முதல் விளக்கு 1796. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் வணிகர்கள் கூடிப் பேரம் பேச அதற்குச் சற்று முன்புதான் ஒரு மாளிகை கட்டியிருந்தார்கள். பிறகு அதிகாரிகளின் உணவுக்கூடமாக இருந்து, 1948 முதல் கோட்டை அருங்காட்சியகமாக இருப்பது அதே கட்டடம். அதன் கூரைமேல் கூண்டு வைத்து, தேங்காய் எண்ணெய் ஊற்றித் திரி விளக்கு ஏற்றினார்கள். கடல் மட்டத்திலிருந்து 99 அடி. அன்றைக்குக் கடல் கோட்டை மதிலை ஒட்டியே இருந்தது. இன்று இடையில் கிடக்கும் நிலமெல்லாம் துறைமுகம் கட்டிய பிறகு வந்தது.

தேங்காய் எண்ணெயைத் தேர்ந்ததில் வியப்பில்லை. இங்கே கிடைத்தது, புகை குறைவு. ஆனால் காவல்காரருக்கு அது வேலை வைக்கும் எண்ணெய். சுமார் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையும். மார்கழி, தை இரவுகளில் சென்னையில் 20, 21 வரை இறங்கும். எரியும் விளக்கின் சூட்டில் அதன் தொட்டி உருகியே இருந்தாலும், அடுத்து ஊற்றவேண்டிய எண்ணெய் பாத்திரத்தில் கட்டியாகிவிடும். முன்கூட்டியே காய்ச்சி வைக்காவிட்டால் நடுச்சாமத்தில் விளக்கு மங்கும். திரியின் நுனி கரிந்து பூ கட்டும், அதைக் கத்தரித்துக்கொண்டே இருக்கவேண்டும். கத்தரித்தது கோணலானால் சுடர் ஒரு பக்கம் நாக்கு நீட்டிக் கண்ணாடியில் கரி படியும். கரி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் எத்தனை திரி எரிந்தும் பயனில்லை.

இந்த விளக்கு 25 மைல் தெரிந்தது என்று எழுதுவார்கள். அது உண்மையாக இருக்குமா என்று நீங்களே கணக்குப் போடலாம், மாலுமிகள் பயன்படுத்தும் சூத்திரம் எளிது. விளக்கின் உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் காணுங்கள். பார்ப்பவர் கண் இருக்கும் உயரத்துக்கும் அப்படியே. இரண்டையும் கூட்டி 2.08-ஆல் பெருக்கினால் எத்தனை கடல் மைலுக்கு அப்பால் விளக்கு அடிவானத்தில் மறையும் என்று வரும். 99 அடி என்பது சுமார் 30 மீட்டர், அதன் பங்கு 11.4 கடல் மைல். பாய்மரத்தில் 60 அடி உயரத்தில் ஒரு மாலுமி உட்கார்ந்திருந்தால் அவர் பங்கு 8.9. மொத்தம் 20 கடல் மைலுக்குச் சற்று மேல். தரை மைலில் இது 23-ஐத் தாண்டும். ஆக, பாய்மர உச்சியிலிருந்து, மாசற்ற வானில், தரை மைல் கணக்கில் பார்த்தால் அந்த எண் உண்மைக்கு அருகில் வருகிறது. கட்டுமரக்காரர் கண்ணுக்கு 14 கடல் மைலே அதிகம். எந்தக் கலங்கரை விளக்கத்துக்கும் தூரம் சொன்னால், யார் எங்கிருந்து பார்த்த தூரம் என்று கேட்பது நல்ல பழக்கம்.

அதுவும் உயரம் மட்டுமே தரும் கணக்கு. அந்தத் தூரம் போகும் அளவுக்குச் சுடருக்கு வலு வேண்டும். திறந்த திரியின் வெளிச்சம் நாலாபுறமும் சிதறும். நிலத்தின் பக்கம் போவது வீண், வானத்துக்குப் போவதும் வீண். இந்தக் குறை தீர்ந்தது இரண்டாவது விளக்கில்.

கோட்டைக்கு வடக்கே இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் நிலம் அப்போது வெட்டவெளி. முன்பு அங்கே பழைய கறுப்பர் நகரமும் சென்னக்கேசவப் பெருமாள் கோயிலும் இருந்தன. 1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்த அனுபவத்துக்குப் பிறகு, பீரங்கிக்கு மறைப்பு இருக்கக் கூடாது என்று அந்தப் பகுதியையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கோயில் பூக்கடைப் பக்கம் போனது. எஸ்பிளனேடு என்று பெயர் பெற்ற அந்தத் திடலில் 1838 முதல் 1843 வரை கட்டியதுதான் நீங்கள் கேட்ட கல்தூண். விளக்கு ஏற்றியது 1844 ஜனவரி 1.

கிரேக்க டோரிக் பாணித் தூண், சுமார் 125 அடி, கல் பல்லாவரத்துக் கருங்கல். இந்தக் கல்லுக்குப் புவியியலில் சார்னோக்கைட் என்று தனிப்பெயர் உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னையிலிருந்து போன இதே வகைக் கல், பெயர் அங்கிருந்து வந்தது. கடல் உப்பு எளிதில் தின்ன முடியாத கல். செங்கல் கட்டடத்துக்குள் உப்புத் தண்ணீர் ஊறிக் காய்ந்து படிகமாகும்போது மேற்பரப்பு பொரிந்து உதிரும். இதில் துளைகள் மிகக் குறைவு என்பதால் அந்த நோய் பிடிக்காது. நோய் வருவதானால் இணைப்புகளில்தான் வரும், அதாவது சுண்ணாம்பில்.

அந்த இடத்தில் இதைக் கட்டிய பொறியாளரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மெட்ராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ஜான் தாமஸ் ஸ்மித், சுண்ணாம்பையே ஆராய்ந்த மனிதர். சுண்ணாம்பும் சிமெண்டும் பற்றி விக்கா என்ற பிரெஞ்சுப் பொறியாளர் எழுதிய நூலை 1837-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் அவர்தான். நம் கொத்தனார்கள் சாந்து குழைக்கும் தண்ணீரில் வெல்லம் கரைப்பதைக் கவனித்து, செங்கற்களை ஒட்டி இழுத்துப் பார்த்து, வெல்லம் சேர்ந்த சாந்து கூடுதலாகப் பிடிக்கிறது என்று பதிவு செய்தார். கிளிஞ்சல் சுண்ணாம்பில் கட்டிய கட்டடங்கள் நூற்றாண்டுகளாக வெயில் மழையைத் தாங்குவதற்கு அந்த வெல்லமும் ஒரு காரணம் என்பது அவர் முடிவு. ஊர்க் கொத்தனாரின் கைப்பழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளாமல் சோதித்துப் பார்த்த ஒருவர் கட்டிய கோபுரம் இது. எனக்கு இந்த நான்கில் இதன்மேல்தான் மதிப்பு அதிகம்.

உச்சியில் வைத்தது ஆர்கண்ட் விளக்குகளும் பிரதிபலிப்பான்களும். ஆர்கண்ட் விளக்கின் திரி தட்டையாகவோ உருண்டையாகவோ இராது. துணியைக் குழாய் போல வட்டமாக நெய்து, ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரண்டு பித்தளைக் குழாய்களுக்கு நடுவே விட்டிருப்பார்கள். காற்று வெளியிலும் ஏறும், உள்ளே நடுவிலும் ஏறும். மேலே ஒரு கண்ணாடிச் சிமினி அதை இழுத்துவிடும். எண்ணெய் முழுமையாக எரிவதால் புகை போய், சுடர் வெண்மையாகும். ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் வெள்ளி பூசிய செப்புத் தகட்டைக் குழிவாக, பரவளைய வடிவில் அடித்துப் பொருத்துவார்கள். சுடர் அந்தக் குழிவின் குவியத்தில் சரியாக நின்றால், பின்னால் போகும் வெளிச்சமும் முன்னே கற்றையாகத் திரும்பும்.

சரியாக நின்றால் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திரியைக் குவியத்துக்கு மேலே கொஞ்சம் ஏற்றிவிட்டால் கற்றை கீழே குனிந்து அருகிலுள்ள அலையில் விழும். இறக்கிவிட்டால் வானத்தைப் பார்க்கும். கீழே நிற்பவருக்கு விளக்கு நன்றாக எரிவதாகவே தோன்றும், 15 மைல் தள்ளி இருக்கும் கப்பலுக்குக் காணாமல் போயிருக்கும். இன்னொரு நுணுக்கம், வெள்ளிப் பூச்சைத் துடைப்பது. உப்புக்காற்றில் வெள்ளி கறுக்கும் என்பதால் தினமும் துடைக்கவேண்டும். அழுத்தித் துடைத்தால் பூச்சு தேய்ந்து செம்பு தெரியும், வெளிச்சம் சிவக்கும். அக்கறையாகத் துடைத்தே கெடுத்துவிடக்கூடிய கருவி அது.

இந்த விளக்கு அரை நூற்றாண்டு எரிந்தது. அதற்குள் கடற்கரையே மாறிவிட்டது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டப்படி இரண்டு கை போலத் தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. 1881 நவம்பர் புயல் அவற்றைப் பெயர்த்துப் போட்டது. மறுபடி கட்டி முடிக்க 1890-களின் நடுப்பகுதி ஆனது. நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்ததும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் மணல் வரத்து நின்று கடல் கரையை அரித்தது. நான்காவது விளக்கின் முன்னால் கிடக்கும் அகலமான மணல் இந்தச் சுவரின் விளைவு.

அதே காலத்தில் எஸ்பிளனேடு திடலில் உயர் நீதிமன்றம் எழுந்தது. 1888-இல் தொடங்கி, பிராஸிங்டன் வரைந்ததை ஹென்றி இர்வின் செம்மைப்படுத்தி முடிக்க, 1892 ஜூலை 12-இல் திறந்தார்கள். அதன் நடுக்கோபுரம் 175 அடி. 125 அடித் தூணின் பக்கத்திலேயே 175 அடிக் கட்டடம் வந்துவிட்டால் தூணின் வெளிச்சத்துக்கு ஒரு பக்கம் நிழல்தான். அந்தக் கோபுரத்தின் உச்சியிலேயே கூண்டு அமைத்து 1894 ஜூன் 1-இல் விளக்கை மாற்றினார்கள். அன்று முதல் 80 ஆண்டுகளுக்கு மேல், பகலில் கீழே வழக்கு, இரவில் மேலே விளக்கு.

இந்த மூன்றாவது விளக்கின் பெரிய மாற்றம் லென்ஸ். பர்மிங்காம் அருகே இருந்த சான்ஸ் சகோதரர்கள் தொழிற்சாலையில் செய்தது. வெள்ளிப் பூச்சு எவ்வளவு பளபளத்தாலும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கண்ணாடி அவ்வளவு தின்னாது. ஆனால் அந்த அளவுக்கு ஒரே கட்டிக் கண்ணாடியில் லென்ஸ் வார்த்தால் எடை தாங்காது, தடிமனான நடுப்பகுதி வெளிச்சத்தையும் விழுங்கும். பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் 1820-களில் கண்ட வழி, லென்ஸின் வளைந்த முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு தடிமனை வளையம் வளையமாக வெட்டி எறிவது. நடுவில் ஒரு சிறிய லென்ஸ், அதைச் சுற்றிப் படிப்படியாகப் பட்டகக் கண்ணாடி வளையங்கள். மேலும் கீழும் தப்பப் பார்க்கும் வெளிச்சத்தையும் மடக்கி அடிவானத்துக்கு அனுப்பிவிடும். சுடரும் மாறியது. தாவர எண்ணெய் போய் மண்ணெண்ணெய் வந்தது. 20ஆம் நூற்றாண்டில் கலங்கரை விளக்கங்களில் பரவிய ஆவி பர்னரை விளக்கவே வேண்டாம், கல்யாண வீட்டு பெட்ரோமாக்ஸ் அதே தத்துவம்தான். மண்ணெண்ணெயை அழுத்தத்தில் ஏற்றி, சூடாக்கி ஆவியாக்கி, வலைச் சல்லடையில் எரிப்பது. அழுத்தம் குறைந்தால் மங்கும், ஆவிக்குழாயின் நுண்துளையில் கரி அடைத்தால் திணறும், வலை உடைந்தால் உடனே மாற்றவேண்டும்.

லென்ஸ் கூண்டில் பகலிலும் ஒரு வேலை உண்டு, பலருக்கும் தெரியாதது. விடிந்ததும் திரைச்சீலையை இழுத்துவிட வேண்டும். வெளிச்சத்தை உள்ளிருந்து கடலுக்கு அனுப்பும் லென்ஸ், வெளியிலிருந்து வெயில் வந்தால் அதை உள்ளே ஒரு புள்ளியில் குவிக்கும். பர்னரே கருகும், கண்ணாடி விரியும். சென்னை போலக் கிழக்குப் பார்த்த கரையில் சூரியன் கடலிலிருந்தே கிடைமட்டமாக எழுவதால் காலை முதல் ஒரு மணி நேரம் மிக மோசம்.

1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்தது இந்த விளக்கின் காலத்தில்தான். ஊர் இருட்டடிப்பு செய்யப்படாமல் இருந்தது, துறைமுக விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. எம்டன் கலங்கரை விளக்கத்தைக் குறிவைத்தது என்று ஒரு கதை உலவுகிறது. குறி துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். தேடுவிளக்கைத் தொட்டிகள்மேல் அடித்துவிட்டுச் சுட்டது. சுமார் 130 குண்டுகள், அரை மணிக்கும் குறைவான நேரம். சில குண்டுகள் தாண்டி வந்து நீதிமன்ற வளாகச் சுற்றுச்சுவரில் விழுந்தன, அந்த இடத்தில் கல்வெட்டு இருக்கிறது. விளக்கை உடைப்பது எதிரிக் கப்பலுக்கும் லாபமில்லை, அதுவே தனக்கு வழி காட்டுவது. போர்க்காலத்தில் கரையில் இருப்பவர்கள்தான் முதலில் விளக்கை அணைக்கவேண்டும். கெட்டிக்காரரையும் கண்டிப்பான ஆளையும் "சரியான எம்டன்" என்று சொல்லும் வழக்கம் அந்த ஒரு இரவில் வந்தது.

நான்காவது, மெரினா. உயர் நீதிமன்றத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தெற்கே, காவல்துறைத் தலைமையகத்துக்கு எதிரே, நொச்சிக்குப்பத்தை ஒட்டி. 1976-இல் கட்டி முடித்து 1977 ஜனவரி 10-இல் ஏற்றினார்கள். ஆக, சுதந்திரத்துக்கு 30 ஆண்டு கழித்து வந்த கட்டடம். வட்டமாக இல்லாமல் முக்கோண வடிவக் கான்கிரீட் கோபுரம், 11 மாடி, 45.7 மீட்டர். சிவப்பு வெள்ளைப் பட்டைகள் அழகுக்காக அல்ல, பகலில் அதுதான் அடையாளம். வெறும் வெள்ளையாக இருந்தால் வெயிலில் வெளுத்த வானத்திலும் பின்னால் இருக்கும் வெளிர்க் கட்டடங்களிலும் கரைந்துவிடும். லிஃப்ட் உள்ள கலங்கரை விளக்கங்கள் மிகக் குறைவு, இது அவற்றில் ஒன்று. பாதுகாப்புக் காரணத்தால் இருபது ஆண்டுக்கு மேல் பொதுமக்களை விடாமல் இருந்து, 2013 நவம்பரில் மறுபடி திறந்தார்கள். ஒன்பதாவது தளம் வரை போகலாம். அதற்கு மேலே கடலோரக் கண்காணிப்பு ரேடார் இருப்பதால் அனுமதி இல்லை.

விளக்கு இருப்பது கடல் மட்டத்திலிருந்து 57 மீட்டரில். வீச்சு 28 கடல் மைல் என்று பட்டியலில் இருக்கும். அந்த 28 சுடரின் வலு, தெளிந்த காற்றில் அவ்வளவு தூரம் போகும் என்பது. பூமியின் வளைவு வேறு கணக்கு. 57-க்கு மேலே சொன்ன சூத்திரத்தைப் போட்டால் 15.7. ஃபைபர் படகில் நிற்பவர் கண் தண்ணீரிலிருந்து 2 மீட்டர் என்றால் 2.9 சேரும், மொத்தம் 18.6 கடல் மைல். முழு 28-க்கும் காண வேண்டுமானால் கண் 35 மீட்டர் உயரத்தில், அதாவது பெரிய சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் இருக்கவேண்டும். படகுக்காரருக்கு அதற்கு முன்பே ஓர் அறிகுறி கிடைக்கும். விளக்கு அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே அதன் கற்றை வானத்தில் தூசியிலும் ஈரத்திலும் பட்டு மின்னிப் போவது தெரியும்.

இப்போது நான்கின் உயரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடிவானக் கணக்கில் முதல் விளக்கின் பங்கு 11.4 கடல் மைல். இரண்டாவது, தூணின் உயரத்தை மட்டும் எடுத்தால், 13-க்குச் சற்றுக் குறைவு. மூன்றாவது, கோபுர உச்சிவரை முழுதாக எடுத்தாலும் 15 சொச்சம். நான்காவது 15.7. 180 ஆண்டுகளில் உயரத்தால் கூடியது நான்கு மைல் சொச்சம்தான். உயரத்தை இரட்டிப்பாக்கினாலும் தூரம் இரட்டிப்பாகாது, வர்க்கமூலத்தில்தான் ஏறும். மூன்றிலிருந்து நான்குக்குப் போனதில் உயர லாபம் ஏறக்குறைய இல்லை. உண்மையான முன்னேற்றம் எல்லாம் உச்சிக் கூண்டுக்குள் நடந்தது: திறந்த திரி, ஆர்கண்ட், லென்ஸ், மின்விளக்கு. இடமாற்றங்களை உந்தியது ஊர். கோட்டைக் கூரைக்கு ஓர் அளவுக்கு மேல் உயரம் இல்லை. தூணின் அருகே அதைவிட உயரமான கட்டடம் வந்தது. பாரிமுனையைச் சுற்றி நகரமும் துறைமுகமும் அடர்ந்தன. மெரினாவில் கடலுக்கும் விளக்குக்கும் நடுவில் மணலைத் தவிர எதுவும் இல்லை, இனியும் எதையும் கட்டக் கூடாது.

அதனால்தான் "இப்போது எல்லோரிடமும் ஜிபிஎஸ் இருக்கிறதே, விளக்கு எதற்கு" என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கருவி காட்டும் இடம் சரியா என்று கண்ணால் ஒத்துப்பார்க்க ஒரு பொருள் வேண்டும். பேட்டரி இறங்கிய படகுக்கு அதுவே முதல் துணை. இன்றைய தொல்லை விளக்கின் வலுக்குறைவு அல்ல, பின்னணி வெளிச்சம். காமராஜர் சாலையின் உயர்கம்ப விளக்குகள், கட்டட முகப்புகள், விளம்பரப் பலகைகள் எல்லாம் சேர்ந்து கரை முழுதும் ஒரே ஒளிப்பட்டையாகத் தெரியும். அதற்குள் ஒரு விளக்கை இனம்பிரிக்க உதவுவது அதன் தாளம் மட்டுமே. சென்னை விளக்கின் தாளம் 10 வினாடிக்கு இரண்டு மின்னல். பக்கத்து விளக்கங்களோடு குழம்பாதபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளம் ஒதுக்கி வரைபடத்தில் அச்சிடுவார்கள். துறைமுக வாயிலைக் காட்டுவது இதன் வேலை அல்ல, அதற்குத் தடுப்புச் சுவர் முனைகளில் தனியாகச் சிறு விளக்குகள் உண்டு. நம் கடலில் உள்ளே நுழையும் கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை.

பராமரிப்பில் இன்றும் முதல் எதிரி உப்புதான். வடகிழக்குப் பருவக்காற்றில் கூண்டுக் கண்ணாடியில் பால் போல ஒரு படலம் படியும். வறட்டுத் துணியால் துடைத்தால் உப்புத்தூள் கண்ணாடியைக் கீறும். முதலில் நல்ல தண்ணீர் விட்டுக் கரைத்துவிட்டு, பிறகு மென்துணி. கான்கிரீட்டில் விரிசல் விட்டு உப்பு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடித்துப் பருத்து மேல்பூச்சைப் பிளக்கும். கல்தூணுக்கு இல்லாத நோய் இது. கான்கிரீட் கோபுரத்தைக் காலத்தில் பூசி, வர்ணம் அடித்துக் காப்பதே அதன் ஆயுள்.

நிர்வாகம் பற்றி ஒரு வரி. 1927 செப்டம்பர் 21-இல் வந்த கலங்கரை விளக்கச் சட்டம்தான் இவற்றை ஒரே குடைக்கீழ் கொண்டுவந்தது, அந்தத் தேதியே தேசியக் கலங்கரை விளக்க நாள். அதற்குப் பதிலாக 2021-இல் புதுச்சட்டம் வந்திருக்கிறது, நிலத்து விளக்கோடு மின்னணு வழிகாட்டிகளையும் சேர்த்து.

நான்கையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பவர்கள் வெள்ளியும் திங்களும் தவிர்த்து நாள் தேர்ந்துகொள்ளுங்கள். கோட்டை அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், மெரினா விளக்கம் திங்கட்கிழமை மூடியிருக்கும். கோட்டைக்குள் தலைமைச் செயலகம் இருப்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் சும்மா சுற்றிப் பார்க்க விட மாட்டார்கள், வெளிச்சாலையிலிருந்து நிமிர்ந்து பாருங்கள். கும்பங்களுக்கு நடுவே உயர்ந்து நிற்பது மூன்றாவது, தள்ளித் தனியாக நிற்கும் கருங்கல் தூண் இரண்டாவது. மதியம் மெரினாவில் இடைவேளை விடுவார்கள், மூன்று மணிக்குப் பிறகு போங்கள். மேலே ஏறி இறங்கிவிட்டு இருட்டும்வரை மணலில் இருங்கள். கோபுரத்தை ஒட்டி நின்றால் கற்றை தலைக்கு மேலே போய்விடும், கொஞ்சம் வடக்கே கண்ணகி சிலைப் பக்கம் நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். ஒரு மின்னல், உடனே இன்னொன்று, பிறகு இருட்டு. இரண்டாவது மின்னலில் கடிகாரத்தை ஆரம்பித்து அடுத்த சுற்றின் இரண்டாவது மின்னலில் நிறுத்தினால் 10 வினாடி இருக்கும்.